இறைவன் இல்லத்தில் விருந்தினர் யார்?

ஞாயிற்றுக்கிழமை காலை. பெருநகரம் ஒன்றின் பழமையான கிறிஸ்தவ ஆலயத்தில் ஆராதனை தொடங்கச் சில நிமிடங்களே உள்ளன. ஜார்க்கண்ட் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வீட்டுவேலைக்காக அந்நகரத்துக்கு வந்த இளம்பெண் ஒருத்தி தயங்கியபடி உள்ளே நுழைகிறாள். சிறு வயது முதலே ஊர் ஆலயத்துக்குச் சென்று வந்தவள் அவள். ஜெபமும் பாடலும் அவளுக்குப் புதியவை அல்ல. அங்கிருக்கும் மனிதர்கள்தான் புதியவர்கள். காலியாக இருந்த ஓர் இருக்கையில் அமர்கிறாள். சற்று நேரத்தில் ஒரு குடும்பத்தினர் வந்து அருகில் நிற்கின்றனர். எவரும் கடிந்து பேசவில்லை. தாங்கள் வழக்கமாக உட்காரும் இடம் அது என்று ஒருவர் மென்மையாகத் தெரிவிக்கிறார். அவள் எழுந்து கடைசி வரிசைக்குப் போகிறாள்.

ஆராதனை முடிந்ததும் சபையார் முற்றத்தில் கூடி ஒருவரையொருவர் நலம் விசாரிக்கின்றனர். தேநீர் வழங்கப்படுகிறது. அவள் தூணோரமாகச் சிறிது நேரம் நிற்கிறாள், பிறகு வெளியேறுகிறாள். அடுத்த வாரம் அவள் வரவில்லை. வராததை எவரும் அறியவும் இல்லை.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் பிழைப்பைத் தேடியும் கல்வியைத் தேடியும் மக்கள் மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் இந்நாட்டில், ஏதேனும் ஒரு வழிபாட்டிடத்தில் இத்தகைய ஒன்று நிகழாத வாரம் இருக்க முடியாது. இதில் தவறு செய்தவர் யார் என்று தேடினால் எவரும் அகப்பட மாட்டார். அந்தக் குடும்பத்தினர் பொய் சொல்லவில்லை. முற்றத்தில் கூடியிருந்தோர் அவளை வெறுக்கவில்லை. எனினும் இறைவனை நாடி வந்த ஓர் உயிர், இறைவனின் இல்லத்திலிருந்து வெறுங்கையோடு திரும்பியது. எவரும் தீமை செய்யாமலே தீமை விளையும் இந்த விந்தை, ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது.

அன்பே சுவராகும்போது

முற்றத்தில் கூடியிருந்தோர் ஒருவர்பால் ஒருவர் கொண்டிருந்த அன்பு போலியானதன்று. ஒருவர் வீட்டில் நோயென்றால் மற்றவர் உணவு கொண்டு செல்வர். ஒருவர் மகளின் திருமணத்துக்கு மற்றவர் தோள் கொடுப்பர். பல ஆண்டுகள் ஒன்றாக வழிபட்டதால் விளைந்த உறவு அது. அந்த அன்பே புதியவருக்குச் சுவராகவும் நிற்கிறது. வட்டமாக நின்று பேசுவோர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கின்றனர். வெளியே நிற்பவருக்கோ அவர்களுடைய முதுகுகள்தான் தெரிகின்றன. வட்டம் எவ்வளவு நெருக்கமானதோ அவ்வளவு இடைவெளியற்றதாகிவிடுகிறது அந்த முதுகுகளின் வரிசை.

விருந்தோம்பலைப் பற்றிப் பேசும் திருவள்ளுவர், அனிச்ச மலரை உவமையாக எடுத்துக்கொள்கிறார். மோந்து பார்த்தால்தான் அனிச்சம் வாடும். விருந்தினரோ, வரவேற்பவரின் முகம் மாறுவதைத் தொலைவிலிருந்து கண்டாலே வாடிவிடுவார் என்பது அவர் கருத்து. ஆலயத்துக்கு வரும் புதியவரின் நிலை இதனினும் நுட்பமானது. அவரை வாடச் செய்ய எவரும் முகம் மாற வேண்டியதில்லை; எந்த முகமும் அவர் பக்கம் திரும்பாதிருந்தாலே போதும்.

ஆகவே, வெறுப்பு இல்லை என்பதைக் கொண்டே ஒரு சபை தன்னை அன்புள்ள சபை என்று கருதிவிட முடியாது. தெரிந்தவர்பால் கொள்ளும் அன்பு இயல்பாக ஊற்றெடுப்பது. தெரியாதவர்பால் கொள்ளும் அன்பு மனமுவந்து மேற்கொள்ளும் பயிற்சி. முன்னது உலகெங்கும் உண்டு. எந்தச் சங்கத்திலும் மன்றத்திலும் அதைக் காணலாம். பின்னதுதான் வழிபடும் சமுதாயத்தை மற்றக் கூட்டங்களிலிருந்து வேறுபடுத்துகிறது.

இல்லம் யாருடையது?

சாதாரண வீட்டில் விருந்தோம்பலின் இலக்கணம் தெளிவானது. வீடு ஒருவருக்கு உரியது, வருபவர் மற்றவர். உரிமையாளர் தம் உடைமையில் ஒரு பகுதியை வந்தவரோடு பகிர்ந்துகொள்கிறார். அது அவருடைய பெருந்தன்மை. தைத்திரீய உபநிடதத்தின் சீக்ஷாவல்லியில், கல்வி முடித்துச் செல்லும் மாணவனுக்கு விருந்தினரைத் தெய்வமாகக் கருதும்படி ஆசான் அறிவுறுத்துகிறார். இல்லறம் புகவிருக்கும் இளைஞனுக்கு அது முழுமையான அறிவுரை.

ஆனால் ஆலயம் எவருடைய வீடு? அதைக் கட்டப் பொருள் தந்தவர் உண்டு. மூன்று தலைமுறையாக அதில் வழிபடுவோர் உண்டு. பதிவேட்டில் பெயருள்ள அங்கத்தினர் உண்டு. இவர்களுள் ஒருவரும் அதன் உரிமையாளர் அல்லர். உரியவன் ஒருவனே, மற்ற எல்லோரும் அவன் அழைப்பின் பேரில் வந்தவர்கள். முதல் வரிசையில் நாற்பது ஆண்டுகளாக அமர்ந்திருப்பவரும் விருந்தினர். இன்று காலை வந்தவரும் விருந்தினர். ஒருவர் முன்னே வந்தார், மற்றவர் பின்னே வந்தார் என்பது மட்டுமே வேறுபாடு.

இந்த உண்மையைக் கிறிஸ்தவ மறைநூல் ஓர் அரிய நிகழ்ச்சியால் உணர்த்துகிறது. லூக்கா எழுதிய நற்செய்தியின் இறுதி அதிகாரத்தில், எம்மாவு என்னும் ஊருக்கு நடந்து செல்லும் இரு சீடர்களோடு வழிப்போக்கர் ஒருவர் சேர்ந்துகொள்கிறார். பொழுது சாய்ந்தபின் தங்களோடு தங்கும்படி அவர்கள் அவரை வற்புறுத்துகின்றனர். அழைத்தவர்கள் அவர்கள், விருந்தினர் அவர். பந்தியில் அமர்ந்ததும் நிலை தலைகீழாகிறது. விருந்தினராக வந்தவரே அப்பத்தை எடுத்து ஆசீர்வதித்துப் பிட்டு அவர்களுக்குக் கொடுக்கிறார். அப்போதுதான் அவர் யாரென்று அவர்களுடைய கண்கள் அறிகின்றன. தங்கள் பந்திக்கு ஒருவரை அழைத்ததாக எண்ணியிருந்தவர்கள், தாங்களே அவருடைய பந்தியில் அமர்ந்திருப்பதைக் காண்கின்றனர்.

தானும் விருந்தினனே என்று அறிந்தவனுடைய வரவேற்பில் பணிவு இருக்கும். வீடு தன்னுடையது என்று எண்ணுபவனுடைய வரவேற்பில், எவ்வளவு இனிமை இருந்தாலும், கொடுப்பவனின் உயரம் இருந்துகொண்டே இருக்கும். வருபவர் அந்த உயரத்தை உடனே உணர்ந்துவிடுவார்.

இருக்கையிலிருந்து சுவர் வரை

'என் இடம்' என்னும் எண்ணம் சிறியதாகத் தோன்றலாம். அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வரலாறு சான்று கூறுகிறது.

யாக்கோபு எழுதிய நிருபத்தின் 2-ஆம் அதிகாரம் இதைப் பற்றிய எச்சரிக்கையோடுதான் தொடங்குகிறது. பொன் மோதிரமும் பகட்டான ஆடையும் அணிந்தவருக்கு நல்ல இருக்கை காட்டி, கந்தை உடுத்திய ஏழையை நிற்கச் சொல்வதும் காலடியில் உட்காரச் சொல்வதும் தகாது என்று அவர் கடிந்துரைக்கிறார். திருச்சபையின் தொடக்கக் காலத்திலேயே இப்படி எழுத நேர்ந்தது என்றால், இந்த நோய் எவ்வளவு பழமையானது என்பது புலனாகும்.

19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பல ஆலயங்களில் இருக்கைகள் குடும்பங்களுக்கு வாடகைக்கு விடப்பட்டன. ஆலயத்தைப் பராமரிக்க அந்த வருவாய் தேவைப்பட்டது, நோக்கம் தீயதன்று. விளைவோ, பணம் கட்டியவருக்கு முன்னே தனியிடம், ஏழைக்குப் பின்னே இலவச இருக்கை என்றாயிற்று.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், செயின்ட் ஜார்ஜ் மெதடிஸ்ட் ஆலயத்தில் நடந்தது இன்னும் கடுமையானது. கறுப்பினத்தவரான அப்சலோம் ஜோன்ஸும் ரிச்சர்ட் ஆலனும் மற்றவர்களும் மாடத்தில் முழந்தாளிட்டு ஜெபித்துக்கொண்டிருந்தனர். அது அவர்களுக்கு உரிய இடமன்று என்று கூறி, ஜெபத்தின் நடுவிலேயே ஜோன்ஸைப் பிடித்து எழுப்பினர். ஜெபம் முடியும் வரை பொறுக்கும்படி அவர் கேட்டும் பயனில்லை. ஜெபம் முடிந்ததும் அவர்கள் அனைவரும் ஒன்றாக வெளியேறினர். அந்த மாடத்தைக் கட்டுவதற்கு அவர்களும் பொருளுதவி செய்திருந்தனர் என்பதை ஆலன் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். 1794-இல் ஆலனும் அவரைப் பின்பற்றியவர்களும் பெத்தேல் என்னும் ஆலயத்தை நிறுவினர். 1816-இல் தனித் திருச்சபையாகவே அமைந்தனர்.

இந்நாட்டிலும் இத்தகைய கதை உண்டு. திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டி முடிக்கப்பட்ட கத்தோலிக்க ஆலயம், ஒரே பீடத்திலிருந்து இரு கூடங்கள் பிரிந்து செல்லும்படி அமைக்கப்பட்டது. இரு சாதியார் ஒருவரையொருவர் பாராமல் ஒரே பீடத்தைப் பார்த்து வழிபட அது வழி செய்தது. 1910-இல் அந்தப் பிரிவினை அகற்றப்பட்டபோது, அதை மீண்டும் நிறுவக் கோரியவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றனர், தோற்றனர்.

ஒரே இறைவனை நோக்கிய கண்கள், அருகில் இருப்பவரை நோக்க மறுத்தன. இவற்றையெல்லாம் கடந்த காலத்துக் கொடுமைகள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் மென்மையான குரலில் சொல்லப்படும் 'எங்கள் இடம்' என்னும் சொல்லுக்கும் அந்தச் சுவருக்கும் இடையே உள்ளது அளவின் வேறுபாடுதான். விதை ஒன்றே.

வாயிலில் ஒரு முதியவர்

6-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த புனித பெனடிக்ட், துறவியருக்கென எழுதிய ஒழுங்குநூலில் இந்தக் கேள்விக்கு மிக நுட்பமான விடைகள் உள்ளன.

மடத்தின் வாயிலில் யாரை அமர்த்துவது? வேறு வேலைக்கு ஆகாதவர் எவரையேனும் அங்கே உட்கார வைத்துவிடலாம் என்று தோன்றும். பெனடிக்டோ, அறிவு முதிர்ந்த ஒரு பெரியவரை அங்கே அமர்த்தச் சொல்கிறார். கேட்கவும் பதிலளிக்கவும் தெரிந்தவராகவும், அங்குமிங்கும் அலையாதவராகவும் அவர் இருக்க வேண்டும். கதவு தட்டப்பட்டாலோ ஏழை ஒருவர் குரல் கொடுத்தாலோ, அவருடைய முதல் மறுமொழி இறைவனுக்கு நன்றி கூறுவதாக இருக்க வேண்டும். வந்தவர் யார், எதற்காக வந்தார் என்று தெரிவதற்கு முன்பே எழும் நன்றி அது.

விருந்தினர் ஒவ்வொருவரையும் கிறிஸ்துவாகவே ஏற்க வேண்டும் என்று விதிக்கும் அவர், ஏழைகளுக்கும் யாத்திரிகர்களுக்கும் தனிக் கவனம் காட்டச் சொல்கிறார். செல்வரைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. அவர்கள்பால் மக்களுக்குள்ள அச்சமே அவர்களுக்கு மரியாதையைப் பெற்றுத் தந்துவிடும் என்பது அவர் கணிப்பு. பதினான்கு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் அந்தக் கணிப்பு பொய்க்கவில்லை. காரில் வந்து இறங்கும் புதியவருக்கு வழிகாட்டப் பலர் முன்வருவர். வரவேற்பு உண்மையானதா என்பதை உரைத்துப் பார்க்கும் கல், நடந்து வருபவர்தான்.

இன்னொரு விதி இதனினும் வியப்புக்குரியது. வேற்றூரிலிருந்து வந்து தங்கும் துறவி, மடத்தின் குறை ஏதேனும் ஒன்றைப் பணிவோடும் நியாயத்தோடும் எடுத்துரைத்தால், தலைவர் அதைச் சினவாமல் ஆராய வேண்டும். ஒருவேளை அதற்காகவே இறைவன் அவரை அனுப்பியிருக்கலாம். பழகிய கண்ணுக்குப் படாத தூசு, புதிய கண்ணுக்குப் படும். புதியவர் பெற்றுக்கொள்ள மட்டும் வருவதில்லை, கொடுக்கவும் வருகிறார். எம்மாவின் பந்தியில் அப்பம் யார் கையிலிருந்து வந்தது என்பதை மறந்தவர்களால்தான் இதை மறக்க முடியும்.

வரவேற்பும் வலையும்

அப்படியானால் வருபவரை ஓடிச்சென்று சூழ்ந்துகொள்வதுதான் வழியா? அதிலும் ஆபத்து உண்டு. கூட்டத்தைப் பெருக்கும் ஆவலில் செய்யப்படும் உபசாரத்தில், புதியவர் ஓர் எண்ணாகிவிடுகிறார். அவரை எழுந்து நிற்கச் சொல்லி எல்லோர் முன்னும் அறிமுகப்படுத்துவது, கூச்சமுள்ளவருக்குத் தண்டனை. பெயர், சொந்த ஊர், வேலை, சம்பளம் என்று அடுக்கடுக்காகக் கேட்பது விசாரணை. இந்நாட்டில் ஊரையும் குடும்பப் பெயரையும் கேட்பதன் பின்னே, சாதியை அறியும் ஆவலும் ஒளிந்திருப்பதுண்டு. கேட்கப்படுபவருக்கு அது தெரியாமல் இருப்பதில்லை.

புதியவர்கள் எல்லோரும் ஒரே தேவையோடு வருவதில்லை. அண்மையில் மனைவியை இழந்த ஒருவர், அழுவதற்கு ஓர் அமைதியான மூலையை மட்டும் தேடி வந்திருக்கலாம். வேற்று மதத்தைச் சேர்ந்த மாணவர் ஒருவர், நண்பரின் வழிபாட்டை மரியாதையோடு காண வந்திருக்கலாம். அந்த இளம்பெண்ணைப் போன்ற ஒருத்தி, தன் மொழியில் யாரேனும் இரண்டு சொல் பேசுவார்களா என்று ஏங்கி வந்திருக்கலாம். ஒருவருக்குத் தனிமை வேண்டும். ஒருவருக்கு விளக்கம் வேண்டும். ஒருவருக்குத் துணை வேண்டும். எல்லோருக்கும் ஒரே புன்னகையையும் ஒரே கைகுலுக்கலையும் வழங்குவது, அவர்களுள் எவரையும் பார்க்காததற்கு ஒப்பாகும்.

வலை, உள்ளே வந்தவரை வெளியே விடாது. வாசல், உள்ளே வரவும் வெளியே செல்லவும் இடம் தரும். திரும்பி வருவாரா என்ற கணக்கின்றி ஒருவரை உபசரிப்பதே வாசலின் இயல்பு.

கதவும் இல்லமும்

இங்கே நியாயமான ஓர் ஐயம் எழலாம். வருபவர் ஒவ்வொருவருக்கும் ஏற்ப எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டே போனால், தலைமுறைகள் பேணிய வழிபாட்டு மரபு என்னாவது? உள்ளே எதுவுமே நிலையாக இல்லாத வீட்டுக்குக் கதவு திறந்திருந்து என்ன பயன்?

இதற்கும் பெனடிக்டின் நூலில் விடை இருக்கிறது. விருந்தினரை உடனே வரவேற்கச் சொன்ன அவர், துறவியாகச் சேர விரும்புவோரை எளிதில் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்கிறார். அவர்கள் பல நாள் வாயிலில் பொறுமையோடு காத்திருக்க வேண்டும். பின்னர் நீண்ட காலம் பயிற்சி பெற வேண்டும். வரவேற்பு வேறு, பொறுப்பேற்பு வேறு. வரவேற்பைப் பெறுவதற்குத் தகுதி எதுவும் தேவையில்லை; பொறுப்பேற்பதற்குக் காலமும் உறுதியும் தேவை. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளும் சபை, கதவைப் பூட்டிவிடும். அல்லது வீட்டையே கலைத்துவிடும்.

மரபை மாற்றாமலே அதற்குள் வழிகாட்ட முடியும். பாடல் எண் தெரியாமல் தடுமாறுபவரிடம், சரியான பக்கத்தைத் திறந்து புத்தகத்தை நீட்டலாம். எப்போது எழுவது, எப்போது அமர்வது என்பதை அருகிலிருப்பவர் மெல்லச் சைகையால் உணர்த்தலாம். திருவிருந்தில் யார் பங்குகொள்வர் என்பதை முன்னதாகவே கனிவோடு தெரிவித்துவிட்டால், பங்குகொள்ளாதவர் எல்லோர் பார்வையிலும் கூசி நிற்க நேராது. மரபு ஆழமானதாக இருக்கட்டும். ஆழமான கிணற்றுக்குக் கயிறும் வாளியும் வேண்டும் என்பதுதான் கேட்கப்படுவது.

செராம்பூரில் ஒரு தச்சர்

முழுமையான வரவேற்பு எப்படி இருக்கும் என்பதற்கு, வங்காளத்தில் ஹூக்ளி நதிக்கரையிலுள்ள செராம்பூரின் வரலாறு ஒரு சான்று தருகிறது. 1799-இல் அங்கு வந்து சேர்ந்த மார்ஷ்மன், வார்டு ஆகிய ஆங்கிலேயர்களுக்கு ஆங்கிலக் கம்பெனியின் ஆட்சிப் பகுதியில் இடம் கிடைக்கவில்லை. டென்மார்க்கின் ஆட்சியில் இருந்த செராம்பூர் அவர்களுக்கு அடைக்கலம் தந்தது. 1800 ஜனவரியில் வில்லியம் கேரியும் அவர்களோடு சேர்ந்தார். ஆக, அந்தச் சபையை அமைத்தவர்களே அடைக்கலம் தேடி வந்த அந்நியர்கள்தான்.

அதே ஆண்டின் இறுதியில் கிருஷ்ண பால் என்னும் தச்சர், தோள்மூட்டு பிசகி, மருத்துவரான ஜான் தாமஸிடம் சிகிச்சை பெற்றார், அவர்களோடு பழகினார், அவர்களுடைய மேசையில் அமர்ந்து உண்டார். ஒருவரோடு ஒருவர் அமர்ந்து உண்பதைச் சாதி தீர்மானித்த காலம் அது. 1800 டிசம்பர் 28-ஆம் நாள் கேரி அவருக்கு ஹூக்ளி நதியில் ஞானஸ்நானம் கொடுத்தார். அன்று அதே நீரில் ஞானஸ்நானம் பெற்ற மற்றொருவர் கேரியின் மூத்த மகன் பீலிக்ஸ். வீட்டுப் பிள்ளையும் வெளியிலிருந்து வந்தவரும் ஒரே நாளில், ஒரே நதியில், ஒரே கரங்களால் ஏற்றுக்கொள்ளப்பட்டனர்.

மூன்றாண்டுகளுக்குப் பின், 1803-இல், கிருஷ்ண பாலின் தோழரான கோகுல் இறந்தார். அவருடைய சவப்பெட்டியைச் சுமந்தவர்கள் நால்வர்: மார்ஷ்மன், பீலிக்ஸ், பிராமண குலத்தில் பிறந்து அச்சபையில் சேர்ந்த ஒருவர், முஸ்லிமாகப் பிறந்து சேர்ந்த ஒருவர்.

மதமாற்றத்தைப் பற்றி எவர் எக்கருத்துக் கொண்டவராயினும், இந்த மூன்று காட்சிகளின் உண்மையை மறுக்க இயலாது. பந்தியில் இடம், வழிபாட்டில் சமநிலை, சாவில் தோள் ஆகிய மூன்றும் கிடைத்த இடத்தில்தான் ஒருவர் புதியவர் என்ற நிலையிலிருந்து நீங்குகிறார். வாயிலில் கிடைக்கும் புன்னகை தொடக்கம் மட்டுமே. அவர் நோயுற்றால் யார் போய்ப் பார்ப்பார், அவர் வராத வாரத்தை யார் கவனிப்பார் என்ற கேள்விகளுக்குச் சபையில் விடை இருக்குமானால், அங்கே வரவேற்பு நிறைவு பெற்றிருக்கிறது.

மீண்டும் அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை. இளம்பெண் அந்த இருக்கையில் அமர்ந்திருக்கிறாள். வழக்கமாக அங்கே அமரும் குடும்பத்தினர் வந்து நிற்கின்றனர். அவர்களுள் ஒரு மூதாட்டி அவளைப் பார்க்கிறார். தாம் கைக்குழந்தையாக இதே ஆலயத்துக்குத் தூக்கி வரப்பட்டவர் என்பது அவருக்கு நினைவுக்கு வருகிறது. அன்று அந்த இடத்தைப் பெற அவர் எதுவும் செய்திருக்கவில்லை. யாரோ தூக்கி வந்தார்கள்; யாரோ நகர்ந்து இடம் கொடுத்தார்கள். மூதாட்டி அவளைச் சற்றே உள்ளே தள்ளி அமரும்படி கைகாட்டி, அவள் பக்கத்தில் அமர்கிறார். பாட்டுப் புத்தகத்தைத் திறந்து இருவருக்கும் நடுவில் பிடித்துக்கொள்கிறார்.

குடும்பத்தில் ஒருவருக்கு இடம் போதவில்லை. அவர் வேறு வரிசைக்குப் போகிறார். அங்கே அவருக்கு அருகில், அவர் இதுவரை பேசியிராத ஒருவர் அமர்ந்திருக்கிறார்.